சென்னை வெயிலில் ஆக்ஸலாட்டில் வளர்க்கலாமா?

பெரம்பூர் வாசி | ஏப்ரல் 12, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகக் கப்பி, மோலி, ஏஞ்சல் வளர்க்கிறேன். இப்போது கேள்வி வேறு. என் மகளுக்குப் பத்து வயது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஆக்ஸலாட்டில் என்ற நான்கு கால் நீர்ப்பிராணியைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். போன ஞாயிறு கொளத்தூர் மீன் கடைகளைச் சுற்றினோம். ஒரு கடையில் இளஞ்சிவப்பில் நான்கு விரல் நீளத்துக்கு இரண்டு இருந்தன. தொட்டியில் 'நடக்கும் மீன்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். "மீன் மாதிரிதான் சார், ரொம்ப வெயிலாக இருந்தால் கொஞ்சம் ஐஸ் போடுங்கள், போதும்" என்றார் கடைக்காரர்.

இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த ஹால். இரண்டடித் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. போர் தண்ணீர். வாங்கலாமா? வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கத்திரிவெயில் | ஏப்ரல் 12, காலை 11.05

அந்தக் காலித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு தெர்மாமீட்டரை ஒட்டி வையுங்கள். மூன்று நாள், காலை ஐந்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் பேசலாம். விலங்கை மட்டும் இப்போது வாங்க வேண்டாம்.

செவுள் | ஏப்ரல் 12, இரவு 9.40

நங்கநல்லூரில் நான்கு வருடம் ஆக்ஸலாட்டில் வளர்த்தவள் நான். இரண்டு வளர்த்தேன், ஒன்று என் கையில் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது மீன் இல்லை. சாலமாண்டர், அதாவது தவளைக்கு உறவான, வால் உள்ள பிராணி. மெக்சிகோ நகரத்தின் தெற்கில் இருக்கும் ஸோசிமில்கோ ஏரிதான் அதன் சொந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல சாலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுள் மறைந்து கரையேறிவிடும். இதுவோ குட்டிப் பருவத்துச் செவுளோடு ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும். அதன் உடம்பு குளிர்ந்த நீருக்காக அமைந்தது. 16 முதல் 18 டிகிரி அதற்குச் சுகம். 20 வரை கவலையில்லை. 24ஐத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் அதற்கு நோய் நாள்தான்.

காரணத்தையும் சொல்கிறேன். 18 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பதரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 31 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூடு ஏற ஏற அதன் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். வரவு குறையும், செலவு கூடும். தின்பதை நிறுத்திவிடும். எதிர்ப்புசக்தி போய்விடும். செவுளில் பஞ்சு ஒட்டியதுபோலப் பூஞ்சை பிடிக்கும்.

என் முதல் ஆக்ஸலாட்டிலுக்கு நான் சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம், வாங்கவில்லை. இரண்டு சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேல் வீசுமாறு வைத்தேன். பெங்களூரில் ஒருவருக்கு அது போதுமானதாக இருந்ததாம். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாவதில்லை. எனக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கவே இல்லை. மே மாதம் இரண்டாவது வாரம். வால் நுனி கொக்கிபோலச் சுருண்டிருந்தது. செவுள்கள் பின்னால் விரியாமல் முகத்துப் பக்கம் மடிந்திருந்தன. தூங்குகிறது என்று நினைத்தேன். அவை இரண்டும் அது தவிக்கிறது என்பதற்கான அடையாளம் என்று பின்னால்தான் படித்தேன். செவுளின் மயிர் போன்ற இழைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, கடைசியில் மூன்று ஜோடிக் காம்பு மட்டும் நின்றது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. வாங்கிய கடையில் கேட்டதற்கு, "வேறொன்று தருகிறேன், பாதி விலை" என்றார்கள்.

ஒரு வருடம் கழித்துத்தான் இரண்டாவது. இந்த முறை முதலில் சில்லர், பிறகு தொட்டி, பிறகு கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா தொட்டியில் வளர ஆறு வாரம் (நைட்ரஜன் சுழற்சி என்பார்கள்), எல்லாம் முடிந்த பின்தான் விலங்கு. மூன்றடித் தொட்டி. பழைய சில்லரே 22,000 ரூபாய் ஆனது. கோடையில் இரண்டு மாத மின்கட்டணத்தில் அதற்கு மட்டும் 150 யூனிட் அளவு கூடியது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அது நன்றாக வாழ்ந்தது. வேலை காரணமாக வெளிநாடு போக வேண்டி வந்தபோது, சில்லரோடு சேர்த்து இன்னொருவரிடம் கொடுத்தேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம் இருக்கும் விலங்கு அது. உங்கள் மகள் கல்லூரி முடிக்கும்போதும் அது தொட்டியில் இருக்கும்.

பெரம்பூர் வாசி | ஏப்ரல் 15, இரவு 8.15

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

கத்திரிவெயில் சார் சொன்னபடி அளந்தேன். காலை ஐந்து மணிக்கு 29.5. மதியம் மூன்று மணிக்கு 31.5. மூன்று நாளும் ஏறக்குறைய அப்படியே. இன்னும் கத்திரி ஆரம்பிக்கவே இல்லை.

தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்துத் தினம் இரண்டு போட்டால் சமாளிக்கலாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறார். சரிவருமா?

கத்திரிவெயில் | ஏப்ரல் 15, இரவு 8.50

சரிவராது. உங்கள் தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் முழுசாக உருகினால் ஒன்றரை டிகிரி இறங்கும். 31ஐ 18 ஆக்க ஒரே நேரத்தில் எட்டு ஒன்பது பாட்டில் வேண்டும். நான்கு மணி நேரத்தில் தண்ணீர் மறுபடி மேலே ஏறிவிடும். இப்படி ஏறி இறங்குவது, நிலையாக 26இல் இருப்பதைவிட மோசம். சில்லர் பழுதான ஓர் இரவைச் சமாளிக்க பாட்டில் உதவும். தினசரிப் பிழைப்புக்கு உதவாது.

போர் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடினமான தண்ணீர் ஆக்ஸலாட்டிலுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, உப்புக் கரித்தால்தான் பிரச்சினை. ஆர்ஓ தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றாதீர்கள், அதில் தாது இருக்காது. லாரி, மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் மருந்தைப் போட்டாக வேண்டும். தவளையானாலும் நியூட் என்ற சின்னச் சாலமாண்டரானாலும் இவற்றின் தோல் நம் தோல் போல இல்லை. தண்ணீரில் இருப்பதெல்லாம் நேராக உடம்புக்குள் போகும்.

கோப்பு | ஏப்ரல் 16, காலை 7.30

சட்டத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். கடையில் கண்ணெதிரே விற்கிறார்கள் என்பதால் தாள் எதுவும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

ஆக்ஸலாட்டில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கும் இனம். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972க்கு 2022இல் வந்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சைட்டிஸ் இனங்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. 49எம் பிரிவு, அப்படிப்பட்ட உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் விவரம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. 2024 பிப்ரவரியில் இதற்கான விதிகளும் வந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு. குட்டி போட்டாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை. எங்கிருந்து வந்தது, ரசீது தருவாரா, பதிவு விவரம் இருக்கிறதா என்பதுதான். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

அண்ணாநகர் ராகம் | ஏப்ரல் 16, மாலை 6.10

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். ஆக்ஸலாட்டில் கடினம் என்றால், வயிறு சிவப்பாக இருக்கும் நியூட் எப்படி? ஒருவர் ரயிலில் அனுப்பிவைக்கிறேன் என்கிறார். உள்ளங்கையில் அடங்கும் அளவுதானே, சின்னத் தொட்டி போதும் அல்லவா?

செவுள் | ஏப்ரல் 16, இரவு 10.00

உருவம் சின்னது என்பதால் தேவை சின்னதாகிவிடாது. சீனத்து, ஜப்பானிய நியூட்டுகளும் குளிர்ந்த ஓடை, வயல் தண்ணீரில் வாழ்பவை. 20ஐ ஒட்டிய தண்ணீர் வேண்டும். அதே சில்லர், அதே செலவு. ஈரக் கண்ணாடியில் ஏறி, மூடியின் சின்ன இடைவெளியில் வெளியே வந்துவிடும். மறுநாள் சோபா அடியில் காய்ந்து கிடக்கும். ஜப்பானிய இனத்தின் தோலில் டெட்ரோடோடாக்சின் இருக்கிறது, பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. தொட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் யோசிக்க வேண்டும்.

ரயிலில் வருகிறது என்றீர்களே, அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. பிளாஸ்டிக் டப்பாவில், இந்த வெயிலில், 38 டிகிரி பெட்டிக்குள். தயவுசெய்து வேண்டாம்.

குளத்தங்கரை | ஏப்ரல் 17, காலை 6.45

நியூட் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை இருக்கிறது. தோலைத் தாக்கும். தோல் வழியாகத்தான் அவை உப்பையும் நீரையும் சமன் செய்கின்றன, அது கெட்டால் இதயம் நின்றுவிடும். 1998, 99 வாக்கில்தான் இதை அடையாளம் கண்டார்கள். 2019இல் வந்த உலக அளவிலான கணக்கெடுப்பு, 501 இனங்கள் இதனால் குறைந்தன, அதில் 90 அழிந்திருக்கலாம் என்றது. சாலமாண்டர்களைக் குறிவைக்கும் இதன் தம்பி ஒன்றை 2013இல் விவரித்தார்கள். நெதர்லாந்தில் காட்டுச் சாலமாண்டர்கள் கொத்தாக மடிந்ததைத் தேடிப்போனபோது கிடைத்தது. இரண்டுமே ஆசியாவில் தோன்றி, விலங்கு வியாபாரத்தோடு ஊர் ஊராகப் போனவை என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

நம் நாட்டிலும் ஒரு சாலமாண்டர் வகை இருக்கிறது. டார்ஜிலிங், சிக்கிம், அருணாசலம், மணிப்பூர் பக்கத்து மலைக் குட்டைகளில். எங்கோ இருக்கிறது என்று விட்டுவிட முடியாது.

அதனால் இப்போது வளர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள். தொட்டி மாற்றும் தண்ணீரைத் தெருக் கால்வாயிலோ மொட்டை மாடி மழைநீர்க் குழாயிலோ கொட்டாதீர்கள். பக்கெட்டில் பிளீச்சிங் கரைத்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, கழிவறையில் ஊற்றுங்கள். ஒரு தொட்டியின் வலையை அடுத்த தொட்டியில் போடாதீர்கள்.

நார்த்தூள் | ஏப்ரல் 17, இரவு 11.20

நான் வேளச்சேரி. பேக்மேன் தவளை ஒன்று ஐந்து வருடமாக என்னிடம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் கொம்புத் தவளை. இதற்கு 24 முதல் 28 டிகிரி போதும் என்பதால் சென்னையில் சில்லர் இல்லாமல் ஓட்ட முடிகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் மட்டும் ஏசி ஓடும் படுக்கை அறையில் வைக்கிறேன். 30ஐத் தாண்டவிட மாட்டேன்.

இதை வேடிக்கை பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். கல்லுக்குள் தேரை என்பார்களே, அதேபோல நார்த்தூளுக்குள் புதைந்து, இரண்டு கண் மட்டும் வெளியே தெரிய, வாரக்கணக்கில் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். இரவு விளக்கை அணைத்து, இடுக்கியில் ஒரு மண்புழுவைப் பிடித்து முன்னால் ஆட்டினால், பின்னங்காலின் நடுவிரல் மட்டும் முதலில் துடிக்கும். அந்த விரல் துடித்த பிறகு பாய்ச்சல். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

தேங்காய் நார்த்தூள் வாங்கினால் அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். குளோரின் நீக்கிய தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் போட வேண்டும். வளர்ந்த தவளைக்கு வாரம் ஒரு முறை தீனி போதும். எலிக்குஞ்சு போட்டால் சீக்கிரம் கொழுக்கும், கண்ணும் கெடும். மண்புழு, கால்சியம் தூவிய வெட்டுக்கிளி, இவைதான் நல்லது.

இன்னொன்று, சென்னைக்காரர்கள் யாரும் யோசிக்காதது. கொசு. செருகும் கொசு மருந்திலும் சுருளிலும் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி, மீனுக்கும் தவளைக்கும் நேரடி நஞ்சு. அறையில் மின்விசிறி ஓடும், காற்றுக்குழாய் மோட்டார் அந்தக் காற்றையே இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும். தவளை இருக்கும் அறையில் எங்களுக்குக் கொசுவலை மட்டும்தான். தெருவில் மாநகராட்சியின் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, தொட்டி மேல் ஈரத்துணி போட்டுவிடுவேன்.

பெரம்பூர் வாசி | ஏப்ரல் 18, காலை 9.00

அதே கடையில் வெள்ளையாக, கண் சிவப்பாக, ஆப்பிரிக்கத் தவளை என்று நிறைய இருந்தது. மலிவுதான். சூடும் தாங்கும் என்றார். அதை வாங்கிக் கொடுத்து மகளைச் சமாதானம் செய்யலாமா?

நார்த்தூள் | ஏப்ரல் 18, பகல் 1.15

நண்பரே, அது ஸீனோபஸ், நகத்தவளை. அதற்கும் 20ஐ ஒட்டிய தண்ணீர்தான் உகந்தது. உடனே சாகாது, அவ்வளவுதான். அந்தத் 'தாங்கும்' குணம்தான் எனக்குப் பயமே. 1930களிலிருந்து கர்ப்பப் பரிசோதனைக்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால், கர்ப்பமாக இருந்தால் தவளை முட்டையிடும். வேதிப் பரிசோதனை வந்ததும் தேவை குறைந்தது, தவளைகள் வெளியே போயின. சிலி, பிரான்ஸ், கலிபோர்னியா என்று பல இடங்களில் குளங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கைட்ரிட்டைச் சுமந்துகொண்டு நோயில்லாமல் திரியக்கூடியவை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரவு இரண்டு மணிக்கு அம்மாவை மாடிக்கு ஏற்றினேன். அடுத்த நடையில் தவளைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். பேக்மேன் நீந்தத் தெரியாதது, விட்டிருந்தால் மூழ்கியிருக்கும். ஆனால் அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது ஒரு தொட்டி நிறைய நகத்தவளை இருந்திருந்தால்? எங்கள் தெருத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. டேங்க் கிளீனர் மீன் நம் ஏரிகளில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று வலை வீசுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதுவும் யாரோ தொட்டியிலிருந்து விட்டதுதான்.

குளத்தங்கரை | ஏப்ரல் 18, பகல் 2.30

நம் ஊர்ப் பிராணியே வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நம் வாசலில் விளக்கடியில் பூச்சி தின்ன உட்காருமே, அந்தத் தேரை. 2014இல் மடகாஸ்கரின் துறைமுக நகரம் ஒன்றில் அதைக் கண்டார்கள். சரக்குப் பெட்டியில் போயிருக்க வேண்டும். அதன் நஞ்சைத் தாங்கும் திறன் அங்குள்ள பாம்புகளுக்கு இல்லை. அந்தமானில் நம் மஞ்சள் பெருந்தவளை. அதன் தலைப்பிரட்டைகள் அங்குள்ள மற்ற தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

பெரம்பூர் வாசி, உங்களுக்கு ஒரு யோசனை. மகளுக்கு வேண்டியது ஆக்ஸலாட்டில்தானா, அல்லது தண்ணீரில் நடக்கும் ஓர் உயிரைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதா? இரண்டாவது என்றால் ஐப்பசி மழை வரை பொறுங்கள். மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி, அதில் கொஞ்சம் நீர்ச்செடி, கரையில் ஒரு செங்கல், மேலே தண்ணீர்மேல் சாயும் ஒரு செடி. பிடித்து வந்து போட வேண்டாம். வந்தால் வரட்டும். மடிப்பாக்கத்தில் எங்கள் மாடிக்கு மரத்தவளை படியேறி வருகிறது. முட்டையை நுரைக்கூடாக அடித்து, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இலையில் ஒட்டிவிட்டுப் போய்விடும். சில நாள் கழித்து நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும். தலைப்பிரட்டை இருந்தால் கொசு வராது என்பது நம்ப முடியாத பேச்சு. கப்பி விட்டால் கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். நான் இரண்டு நாளுக்கு ஒரு முறை டீ வடிகட்டியால் கொசுப்புழுவை அள்ளி வெயிலில் கொட்டுகிறேன். அதைச் செய்ய முடியாது என்றால் தொட்டியே வேண்டாம்.

பெரம்பூர் வாசி | ஏப்ரல் 20, இரவு 9.30

மகளை உட்காரவைத்து, தெர்மாமீட்டரைக் காட்டி, செவுள் அக்கா எழுதியதை முழுசாக வாசித்துக் காட்டினேன். அழுதாள். "அந்தக் கடையில் இருக்கும் இரண்டும் இப்போது என்ன செய்யும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

செவுள் | ஏப்ரல் 20, இரவு 10.05

அந்தக் கேள்வி எனக்கும் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. பரிதாபப்பட்டு வாங்கினால் அடுத்த வாரம் அங்கே வேறு இரண்டு வந்துவிடும். ஸோசிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 அளவில் இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36தான். உலகம் முழுக்கத் தொட்டியில் லட்சக்கணக்கில் இருக்கும் விலங்கு அதன் சொந்த ஏரியில் கிட்டத்தட்ட இல்லை. மகளிடம் அதையும் சொல்லுங்கள், பெரியவளானதும் யோசிக்கட்டும்.

பெரம்பூர் வாசி | நவம்பர் 3, காலை 6.50

பழைய இழையைத் தூக்கி நிறுத்துகிறேன். குளத்தங்கரை சார், தொட்டி வைத்தோம். வடிகட்டி வேலை மகளுடையது, ஒரு நாள் தவறவில்லை. மரத்தவளை வரவில்லை. ஆனால் முந்தாநாள் இரவு மழையில் குளியலறைக் குழாய்ப் பக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உருண்டையாக, பழுப்பு நிறம், முதுகின் இரண்டு பக்கமும் செங்கல் நிறப் பட்டை. விரலை நீட்டியதும் பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. தொடாமல் படம் மட்டும் எடுத்தோம். தொட்டியிலும் இன்று காலை கறுப்பாகச் சின்னச் சின்னத் தலைப்பிரட்டைகள். எதன் குஞ்சு என்று தெரியவில்லை. காலையிலிருந்து மகள் மாடியை விட்டு இறங்கவில்லை. எந்தக் கால் முதலில் முளைக்கும் என்று கேட்கச் சொன்னாள்.

குளத்தங்கரை | நவம்பர் 3, காலை 7.25

பட்டை போட்டது வண்ணத் தவளை. எறும்பும் கரையானும் தின்னும், மழை இல்லாத மாதங்களில் மண்ணுக்குள் இருக்கும். படத்தை ஐநேச்சுரலிஸ்ட்டில் (பார்த்த உயிரினங்களைப் பதியும் இணையதளம்) ஏற்றிவிடுங்கள்.

தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால் முதலில் தெரியும். முன்னங்கால் உள்ளே தோலுக்கடியில் வளர்ந்து கடைசியில் வெளியே வரும். ஆக்ஸலாட்டில் குட்டிக்கு இது தலைகீழ், முன்னங்கால்தான் முதலில். பின்னங்கால் தெரிந்ததும் செங்கல்லைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வருமாறு சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். ஏற இடமில்லாவிட்டால் வால் சுருங்கும் நாளில் மூழ்கிவிடும்.